சமையலறை இல்லாத மடம்: ஒரு கற்பனை மேப்பும் விஜயமங்கலத்து நெட்டைக்கோபுரமும்

இன்னைக்கு எபிசோடுல ராஜா கிடையாது, போர் கிடையாது. நான் வரைஞ்ச ஒரு தப்பான மேப்பைப் பத்திப் பேசப்போறேன். அந்தத் தப்பைத் திருத்தப் போன இடத்துல, எங்க வீட்டுல இருந்து பைக்ல கால்மணி நேரத்துல இருக்கிற ஒரு ஊரை முதல்முறையா ஒழுங்காப் பார்த்தேன். அந்தக் கதைதான்.

நம்ம பாட்காஸ்ட்டைப் புதுசாக் கேட்கிறவங்களுக்காக: நான் பெருந்துறைக்காரன். பெங்களூர் கம்பெனிக்கு வீட்டுல இருந்தே கோடு எழுதுறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி காலேஜ் நண்பர்கள் அஞ்சு பேரோட ஆன்லைன்ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறது ஒரு பழக்கம். தெரியாதவங்களுக்கு ஒரு வரியில: ஒருத்தர் உலகத்தைக் கட்டிக் கதை நடத்தணும், மத்தவங்க அதுக்குள்ள பாத்திரங்களா நடக்கணும். கதை நடத்துறது நான்.

இந்த வருஷம் நம்ம கொங்கு மாதிரியே ஒரு நிலத்துல கதை வைக்கலாம்னு முடிவு பண்ணினேன். நொய்யல் மாதிரி ஒரு ஆறு, வணிகர்கள் போற பெருவழி, நடுவுல ஒரு குன்று, குன்று மேல பழைய சமண மடம். மேப்பை வரைய மூணு வாரம் ஆச்சு. சுத்திக் கோட்டை மாதிரி மதில், நடுவுல முற்றம், பெரிய சமையலறை, நூறு பேர் உட்கார்ந்து சாப்பிடுற கூடம், தானியக் கிடங்கு, நிலவறை, ராத்திரியில ஜன்னல் எல்லாம் விளக்கு. உள்ளே இருந்த துறவிகள் எல்லாரும் எப்பவோ செத்துப்போய், பேயா அலையறாங்க. இதுதான் என் மடம்.

மேப்பை குரூப்ல போட்டேன். நாலு பேரு நெருப்பு எமோஜி விட்டாங்க. அஞ்சாவது ஆள், என் தோழி, வந்தவாசிப் பக்கத்துக்காரி, தமிழ்ச் சமணக் குடும்பம். அவ ரெண்டு கேள்வி கேட்டா.

"டேய், எங்க சாமியார் எதுக்குடா சமைக்கிறார்?"

அடுத்தது: "எல்லாரும் செத்துட்டாங்களா?"

இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் தேடினதுதான் இந்த எபிசோடு.

நான் எங்கிருந்து காப்பி அடிச்சேன்

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். நான் வரைஞ்சது கொங்கு மடமே இல்லை. அது ஐரோப்பிய மடம், மேல காவி பெயிண்ட். நாம பார்த்த படம், ஆடின கேம், படிச்ச கதை எல்லாத்துலயும் மடம்னா அந்த உருவம்தான் வருது. அந்த உருவத்துக்கு ஒரு மூலப் படம் உண்டு.

சுவிட்சர்லாந்துல சாங்க்ட் காலன்னு ஒரு ஊர். அங்கே மடத்து நூலகத்துல ஒரு தோல் சுருள் இருக்கு. அஞ்சு தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைச்சது. ஏறத்தாழ 112 சென்டிமீட்டர் நீளம், 77 சென்டிமீட்டர் அகலம். சிவப்பு மையில கோடு போட்டு ஒரு முழு மடத்தோட தரைப்படம். சுமார் 820களில், ரைக்கெனாவ் மடத்துல வரைஞ்சு, சாங்க்ட் காலன் மடத்தலைவர் கோஸ்பெர்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க.

இதுல ருசியான விஷயம் என்னன்னா, அந்த மடம் கட்டப்படவே இல்லை. கூட இருக்கிற குறிப்பு, இதை வெச்சு உன் சிந்தனையை ஓட்டிப்பார், உனக்குப் பாடம் சொல்லித்தர இதை அனுப்பலை, அப்படிங்கிற தொனியில இருக்கு. சுருக்கமாச் சொன்னா, 1200 வருஷத்துக்கு முன்னாடி ஒரு துறவி இன்னொரு துறவிக்கு அனுப்பின கற்பனை மேப்.

அதுல என்னவெல்லாம் இருக்குன்னு பாருங்க. சுமார் 40 கட்டடம். தேவாலயம், தூங்குற கூடம், சாப்பாட்டுக் கூடம், சமையலறை, ரொட்டி சுடுற இடம், பீர் காய்ச்சுற இடம். கோழிக்குத் தனி வீடு, வாத்துக்குத் தனி வீடு. மருந்துச் செடிக்கு 16 பாத்தி. ரத்தம் எடுத்து வைத்தியம் பண்ண ஒரு கட்டடம். இடுகாட்டையும் பழத்தோட்டத்தையும் ஒரே இடத்துல போட்டிருக்காங்க, மரங்களுக்கு நடுவுல கல்லறை. கழிப்பறைகூட எங்கே எத்தனைன்னு இருக்கு.

பிற்காலத்துல, 12ஆம் நூற்றாண்டுல, யாரோ ஒருத்தர் தோல் வீணாப் போகக்கூடாதுன்னு பின்பக்கத்துல ஒரு புனிதரோட வாழ்க்கைக் கதையை எழுதினாங்க. எழுத இடம் பத்தாம முன்பக்கத்து ஒரு மூலையையும் சுரண்டிட்டாங்க. அந்தக் கஞ்சத்தனத்தாலதான் மேப் பிழைச்சுதுன்னு சொல்றவங்களும் உண்டு. 2013ல இருந்து ஜெர்மனியில மெஸ்கிர்ஷ் பக்கத்துல அந்தக் காலத்துக் கருவிகளை மட்டும் வெச்சு இந்த மடத்தை நிஜமாவே கட்டிட்டு இருக்காங்க.

இந்தப் படம் ஏன் இப்படி இருக்கு? ஏன்னா அவங்களோட விதி அப்படி. பெனடிக்ட் விதிப்படி துறவி ஒரே மடத்துல நிலையா வாழணும், கையால வேலை செய்யணும், முடிஞ்சவரைக்கும் தேவையான எல்லாம் மடத்து எல்லைக்குள்ளேயே கிடைக்கணும், வெளியே அலைய வேண்டிய தேவை வரக்கூடாது. அதனாலதான் பீர்ல இருந்து கோழி வரைக்கும் உள்ளேயே.

நம்ம தொழில் பாஷையில சொன்னா, முதல்ல ரிக்வயர்மென்ட், அப்புறம்தான் டிசைன். நான் ரிக்வயர்மென்ட்டையே படிக்காம இன்னொருத்தரோட டிசைனைக் காப்பி பேஸ்ட் பண்ணியிருக்கேன்.

சமணத் துறவியோட ஒரு நாள்

சரி, ரிக்வயர்மென்ட் என்ன? திகம்பரத் துறவிக்கு உள்ள பழைய விதிகளை எடுத்துக்குவோம்.

ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு, அதுவும் பகல்ல. நின்னுக்கிட்டே, ரெண்டு கையையும் சேர்த்து அதுல வாங்கிச் சாப்பிடணும். தட்டு கிடையாது. தானா சமைக்கக்கூடாது, ஏன்னா நெருப்பு மூட்டினா உயிர் போகும், தண்ணியில உயிர் இருக்கு, காய்கறி நறுக்குறதும் உயிர்க்கொலை. ஊருக்குள்ள போய், இல்லறத்தார் வீட்டுல கொடுக்கிறதைத்தான் வாங்கணும். குளியல் இல்லை. ராத்திரி நடமாட்டம் இல்லை, இருட்டுல பூச்சியை மிதிச்சிருவோம்ல. கையில மயிற்பீலி, உட்கார்ற இடத்தை மெல்லத் தள்ளிவிட. ஒரு கமண்டலம். சொத்து அவ்வளவுதான்.

அப்புறம் முக்கியமான விதி: ஒரே ஊர்ல தங்கக்கூடாது. நடந்துக்கிட்டே இருக்கணும். மழைக்கால நாலு மாசம் மட்டும் ஒரே இடத்துல இருக்கலாம், ஏன்னா மழையில புழு பூச்சி எல்லாம் மண்ணுக்கு மேல வந்துரும்.

இப்ப என் மேப்பை எடுத்துப் பாருங்க. சமையலறை: அழிச்சாச்சு. சாப்பாட்டுக் கூடம்: அழிச்சாச்சு. தானியக் கிடங்கு, குளியலறை: அழிச்சாச்சு. ராத்திரி ஜன்னல் எல்லாம் எரியுற விளக்கு: அழிச்சாச்சு. மதில்? மதில் கட்டினா துறவி பட்டினி கிடப்பார். அவரோட சமையலறை ஊருக்குள்ள இருக்கு.

அப்பதான் பிடிபட்டது. மடத்தை மட்டும் தனியா வரையவே முடியாது. ஊரையும் வரையணும். எந்த வீட்டுல அடுப்பு எரியுது, குன்றுல இருந்து அந்த வீட்டுக்கு எந்தப் பாதை, வெறுங்காலோட வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போய்த் திரும்ப முடியுமா, இதெல்லாம்தான் மேப்.

டோல்கேட்டுக்கு அந்தப்பக்கம்

விஜயமங்கலம்னா நம்மள்ல பாதிப்பேருக்கு என்ன ஞாபகம் வரும்? டோல்கேட். சேலம்–கொச்சி ரோட்டுல பெருந்துறை தாண்டி ஒரு பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர். ஃபாஸ்டேக் பீப்னு சத்தம் போட்டதும் கோயமுத்தூர் போய்டுவோம். நானும் அப்படித்தான், நாலு வருஷம் காலேஜ் பஸ்ல தூங்கிட்டே கடந்திருக்கேன்.

எங்க அம்மிச்சிகிட்ட கேட்டேன். "நெட்டைக்கோபுரத்தைச் சொல்றயா கண்ணு? மேட்டுப்புதூர்ல இருக்கு. நாங்க சின்னப்புள்ளையில அந்தப்பக்கம் ஆடு ஓட்டிட்டுப் போவோம்"னு சொல்லுச்சு. உள்ளே எந்தச் சாமின்னு கேட்டேன். "ஏதோ அம்மணச்சாமிங்க"ன்னு சொல்லிட்டு வெங்காயம் உரிக்கப் போயிருச்சு.

அந்தச் சாமி சந்திரப்பிரபர், எட்டாவது தீர்த்தங்கரர். சந்திரநாதர்னும் சொல்லுவாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில போனேன். கல் மண்டபம், மேல் பட்டையில வரிசையாச் சின்னச் சின்னச் சிற்பங்கள், முதல் தீர்த்தங்கரர் ஆதிநாதரோட வாழ்க்கைக் கதை. ஒரு காமிக் ஸ்டிரிப் மாதிரி கழுத்தைத் தூக்கிப் பார்த்துக்கிட்டே நடக்கணும்.

இங்கே ஒரு வார்த்தையைச் சொல்லணும். கொங்குக் கல்வெட்டுகள்ல சமணக் கோயிலுக்கு "வசதி"ன்னு பேரு. கன்னடத்துல பசதி. வசிக்கிற இடம்னு பொருள். இன்னைக்கு நாம "ஏசி வசதி, பார்க்கிங் வசதி"ன்னு சொல்றோம். அதே வார்த்தை ஒரு காலத்துல எந்த வசதியும் வெச்சுக்காத ஆளுங்க தங்கின இடத்துக்கும் பேரா இருந்திருக்கு. "பள்ளி"யும் அப்படித்தான். படுக்கை, துறவிகள் தங்குமிடம், பாடம் படிக்கிற இடம், எல்லாம் ஒரே சொல். நம்ம பிள்ளைங்க தினமும் காலையில பேக் மாட்டிட்டுப் போறது அந்தச் சொல்லுக்குள்ளதான்.

பாடம்னு சொன்னதும் இன்னொன்னு. பத்தாம் வகுப்புல நம்மளைப் படுத்தின நன்னூல் இருக்கே, அதை எழுதின பவணந்தி முனிவர் சமணர். சீயகங்கன்னு ஒரு சிற்றரசன் கேட்டுக்கிட்டதால எழுதினது. காலம் மூன்றாம் குலோத்துங்க சோழன் காலம். அவரோட ஊர் பெருந்துறைக்குப் பக்கத்துல இருக்கிற சீனாபுரம்தான்னு இங்கே வழிவழியா ஒரு நம்பிக்கை. நன்னூல் பாயிரத்துல மாணவர்களைத் தரம் பிரிப்பார். அன்னமும் பசுவும் மாதிரி இருக்கிறவன் முதல் தரம், மண்ணும் கிளியும் மாதிரி இருக்கிறவன் நடுத்தரம், ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய் வடிகட்டுற பன்னாடையும் மாதிரி இருக்கிறவன் கடைசி. எருமை குளத்தைக் கலக்கிட்டுக் குடிக்கிற மாதிரி கிளாஸைக் கலக்குற பையன். இதை எழுதினவர் நிஜ வகுப்பறையில நொந்து போயிருக்கார்னு எனக்குத் தோணுது. மேப்புல ஒரு மரத்தடி வகுப்பறை சேர்த்தேன். பக்கத்துல ஒரு எருமையும்.

புள்ளப்பை

விஜயமங்கலத்துல என்னை நிறுத்தி வெச்சது ஒரு பெண்ணோட பேரு. புள்ளப்பை.

சிரவணபெளகொளாவுல கோமதேஸ்வரர் சிலை பார்த்திருப்பீங்க, இல்லைன்னா ரீல்ஸ்லயாவது பார்த்திருப்பீங்க. அந்த 57 அடிச் சிலையைச் சுமார் 981ல நிறுவினவர் சாமுண்டராயர், கங்க அரசோட அமைச்சரும் படைத்தலைவரும். அவரோட தங்கை புள்ளப்பை. இந்த விஜயமங்கலத்துலதான் உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்டாங்கன்னு இங்கே இருக்கிற கல்வெட்டு சொல்லுது. சமணத்துல இதுக்கு சல்லேகனைன்னு பேரு. நோயோ முதுமையோ வந்து வாழ்க்கை முடியுற நேரத்துல, உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, யார் மேலயும் கோபமோ ஆசையோ இல்லாமப் போறது. அப்படிப் போனவங்க நினைவா வைக்கிறது நிசீதிகை.

இது கொங்குக்கு மட்டும் உரியது இல்லை. செஞ்சி பக்கத்துல திருநாதர்குன்றுல 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கின ஒரு பெரிய பாறை இருக்கு. அங்கே சந்திரநந்திங்கிற ஆசிரியர் 57 நாள் உண்ணாம இருந்து உயிர் விட்டதைச் சொல்ற பழைய கல்வெட்டும் இருக்கு.

நான் அந்த மண்டபத்துல உட்கார்ந்து யோசிச்சது இதுதான். என் மேப்புல சாவு எங்கே இருந்துச்சு? நிலவறையில, பேயா. ஆட்டக்காரங்க கொன்னு பாயின்ட் எடுக்கிறதுக்காக. ஆனா இங்கே ஒரு அமைச்சரோட தங்கை, அண்ணன் அதிகாரத்துல இருந்த அரசை விட்டு இவ்வளவு தூரம் தள்ளி, இந்த ஊரைத் தேர்ந்தெடுத்து வந்து அமைதியா முடிச்சுக்கிட்டாங்க. அப்ப இந்த ஊருக்கு அந்தக் காலத்துல எவ்வளவு பேரு இருந்திருக்கணும்!

மேப்புல நிலவறையை எடுத்தேன். குன்றோட கிழக்குச் சரிவுல, வெளிச்சம் முதல்ல விழுற இடத்துல, ஒரு சின்ன மேடை வெச்சேன். பேரு எழுதலை.

படுக்கை எங்கே?

அடுத்த கேள்வி: தூங்குறது எங்கே? சாங்க்ட் காலன் படத்துல தூங்குற கூடமும் கட்டில்களும் வரிசையா இருக்கு. இங்கே?

இங்கே பாறை. ஈரோட்டுல இருந்து காங்கேயம் போற வழியில அரச்சலூர். அங்கே நாகமலையில ஒரு குகைத்தளம், உள்ளூர்ல ஆண்டிப்பாறைன்னு சொல்லுவாங்க. சமணத் துறவிகளோட கல்படுக்கைகள் இருக்கிற இடம். 1960களின் தொடக்கத்துல புலவர் செ. இராசு கண்டறிஞ்ச தமிழ்பிராமிக் கல்வெட்டுகள் அங்கே இருக்கு. அதுல ஒரு பகுதி இன்ஜினியருங்களுக்குன்னே வெட்டின மாதிரி. த, தை, தா மாதிரியான தாள எழுத்துகளைக் கட்டம் கட்டி அடுக்கியிருக்காங்க. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், எப்படிப் படிச்சாலும் ஒரே வரிசை வரும். ஒரு சிமெட்ரிக் மேட்ரிக்ஸ்! தமிழ்நாட்டோட மிகப் பழைய இசைக் கல்வெட்டுகள்ல ஒண்ணுன்னு இதைச் சொல்றாங்க. எழுத்துகளைச் சேர்த்து அமைச்சவர் பேரும் அங்கேயே இருக்கு: தேவன் சாத்தன். அவர் மணிய வண்ணக்கன், அதாவது மணிக்கற்களைச் சோதிச்சுத் தரம் சொல்றவர்.

ஒரு மணிக்கல் பரிசோதகருக்குத் துறவிகள் குகையில என்ன வேலை? இங்கேதான் கொடுமணல் வருது. சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் கரையில, நம்ம பெருந்துறை தாலுகாவுக்குள்ளேயே இருக்கிற ஊர். சங்க காலத்துல மணிக்கல் வேலைக்கும் இரும்பு வேலைக்கும் பேர்போன இடம். சேர நாட்டுக் கடற்கரையையும் கரூரையும் இணைச்ச பெருவழியில இருந்துச்சு. அகழாய்வுல மணிகளும், தமிழ்பிராமியில பேர் கீறின பானை ஓடுகளும் குவியலாக் கிடைச்சிருக்கு.

வணிகர் போற பாதையும் துறவி நடக்கிற பாதையும் ஒண்ணுதான். ரெண்டு பேருமே நடந்துக்கிட்டே இருக்கிறவங்க. வணிகருக்கு அறம் வேணும், துறவிக்கு ஒரு வேளைச் சோறு வேணும். அதனால மேப்புல பெருவழியைக் குன்றோட அடிவாரத்துக்கே இழுத்துட்டேன். என் முதல் மேப்புல மடம் யாரும் போகாத காட்டுக்குள்ள இருந்துச்சு. காட்டுக்குள்ள மடம் வெச்சா யாருங்க சோறு போடுவா?

ஆனா விதி ஒண்ணு, வாழ்க்கை ஒண்ணு

இந்த இடத்துல "ஆஹா, எவ்வளவு எளிமை"ன்னு முடிச்சா நல்லா இருக்கும். ஆனா அது பாதிக் கதைதான்.

நூற்றாண்டுகள் போகப் போக துறவிகள் ஒரே இடத்துல தங்க ஆரம்பிச்சாங்க. மன்னர்களும் ஊராரும் சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு நிலம் கொடுத்தாங்க. அந்த நிலத்துக்குப் பள்ளிச்சந்தம்னு பேரு. நிலம் வந்தா நெல்லு வரும், கணக்கு வரும், கணக்கு எழுத ஆள் வரும், சண்டையும் வரும். 10ஆம் நூற்றாண்டுல தேவசேனர் எழுதின தரிசனசாரம்ங்கிற நூல் ஒரு குற்றப்பத்திரிகையே வாசிக்குது. மதுரையில 5ஆம் நூற்றாண்டுல திராவிட சங்கத்தை உண்டாக்கின வச்சிரநந்தியோட ஆளுங்க நிலத்துல பயிர் வெச்சாங்க, வியாபாரம் பண்ணினாங்க, பச்சைத் தண்ணியில குளிச்சாங்கன்னு. எழுதினவர் எதிர்த்தரப்பு, அதை மனசுல வெச்சுக்கணும். ஆனாலும், குளிச்சதே ஒரு ஊழல் புகாரா இருந்த உலகம் அது.

இன்னொரு கல்வெட்டு. வந்தவாசி பக்கம் வேடல். முதலாம் ஆதித்த சோழனோட 14ஆம் ஆட்சியாண்டு, அதாவது சுமார் 885. கனகவீரக் குரத்தியார்னு ஒரு பெண் துறவி, ஆசிரியர். அவங்களுக்கு 500 மாணவியர். அதே பள்ளியில இன்னொரு தரப்பு, 400 பேர். ரெண்டு தரப்புக்கும் ஏதோ தகராறு. கடைசியில உள்ளூர்க்காரங்க, கனகவீரக் குரத்தியாரையும் அவங்க மாணவியரையும் காப்பாத்திச் சோறு போடுறது எங்க பொறுப்புன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க.

இதை என் தோழிக்கு அனுப்பினேன். அவ ஊர்ல இருந்து பக்கம்தான். "900 பொம்பளைங்க, ஒரு ஹாஸ்டல் சண்டை, 1100 வருஷம் கழிச்சும் ரெக்கார்டுல இருக்கு. சூப்பர்டா"ன்னு வாய்ஸ் நோட் விட்டா.

ஆக, மேப்புக்குத் தேதி வேணும். 2ஆம் நூற்றாண்டு மேப்னா குகை, படுக்கை, பாதை, அவ்வளவுதான். 9ஆம் நூற்றாண்டு மேப்னா பெண்களுக்குத் தனிப் பள்ளி, பள்ளிச்சந்த வயல், கணக்கு எழுதுற இடம் எல்லாம் வேணும். கோயில் கருவறையில இல்லறத்தார் தானமா ஏத்தி வெச்ச விளக்கு எரியும், துறவி படுக்கிற இடம் இருட்டாத்தான் இருக்கும். ஒரே இடத்துல ரெண்டு விதி.

கடலுக்கு அந்தப்பக்கம் பார்த்தா பௌத்தர்கள் வேற மாதிரி தீர்வு கண்டுபிடிச்சாங்க. அனுராதபுரத்துல பிக்குகளுக்குச் சோறு கொட்டி வைக்கிற கல்தொட்டிகள் இருக்கு, படகு சைஸ்ல. மிகிந்தலையில 10ஆம் நூற்றாண்டு மன்னன் நான்காம் மகிந்தன் வெச்ச ரெண்டு கல்பலகையில மடத்து வேலையாட்களுக்கு யாருக்கு என்ன கூலின்னு பட்டியலே போட்டிருக்கு. கல்லுல வெட்டின ஹெச்ஆர் பாலிசி! அங்கே சமையலறை வரையலாம், தப்பில்லை.

நம்ம நாகப்பட்டினத்துலயும் அப்படி ஒரு பெரிய பௌத்த விகாரம் இருந்துச்சு, சூடாமணி விகாரம். முதலாம் ராஜராஜன் காலத்துல ஸ்ரீவிஜய மன்னர்கள் கட்டினது. ஆனைமங்கலம் ஊரோட வருவாயை அதுக்குக் கொடுத்ததை லெய்டன் செப்பேடு சொல்லுது. ஊர்ல நின்ன ஒரு பழைய செங்கல் கோபுரம், கப்பல்காரங்களுக்கு அடையாளமா இருந்தது, அந்தப் பௌத்த நகரத்தோட எச்சம்னு சொல்றாங்க. அதை 1867ல இடிச்சுட்டாங்க. அதுக்கு முன்னாடி வால்டர் எலியட் எழுதி வெச்ச குறிப்பும் ஒரு ஓவியமும் தான் மிச்சம். யாராவது ஒருத்தர் வரைஞ்சு வைக்காத இடம், இடிஞ்சா ரெண்டாவது தடவையும் சாகுது.

மேப், வெர்ஷன் 2

உம்பர்ட்டோ எகோ "ரோஜாவின் பெயர்" நாவலுக்கு மடத்தோட வரைபடம் போட்டு வெச்சுக்கிட்டுத்தான் எழுதினாராம். ரெண்டு பாத்திரங்கள் ஒரு கட்டடத்துல இருந்து இன்னொண்ணுக்கு நடந்துக்கிட்டே பேசினா, அந்தத் தூரம் முடியுற இடத்துல பேச்சும் முடியணும்னு கணக்கு. அதையே நான் திருப்பிப் போட்டேன். என் மேப்போட ஸ்கேல் மீட்டர் கிடையாது. ஒரு வேளைச் சோறு. அதிகாலையில குகையில இருந்து கிளம்பி, மண்ணைப் பார்த்துக்கிட்டே மெதுவா நடந்து, ஒரு வீட்டு வாசல்ல நின்னு சாப்பிட்டு, வெயில் கொளுத்துறதுக்குள்ள திரும்புற தூரம். அந்த வட்டத்துக்குள்ள எத்தனை வீடு வருதோ, மடம் அத்தனை பெருசு.

இப்ப மேப்புல மதில் இல்லை. ஊரும் குன்றும் பெருவழியும் ஒரே படத்துல. பாதைகள்தான் அழுத்தமான கோடு. சோறு கொடுக்கிற வீடுகளுக்கு ஒரு சின்ன அடுப்பு ஐகான். மழைக்கால லேயரை ஆன் பண்ணினா குகைகள்ல ஆள் வரும், ஆஃப் பண்ணினா எட்டு மாசம் காலி. முதல்ல அந்தக் காலி எனக்கு உறுத்துச்சு. ஆள் இல்லாத மடம் செத்த மடம்னுதான் நினைச்சிருந்தேன். ஆனா அவங்க நடந்துட்டு இருக்காங்க, அடுத்த மழைக்கு யாராவது வருவாங்க.

தோழியோட ரெண்டாவது கேள்வி இன்னும் பாக்கி. எல்லாரும் செத்துட்டாங்களா?

அவ பதிலுக்கு ஒரு போட்டோ அனுப்பினா. செஞ்சி பக்கம் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களோட தலைமை மடம் அங்கே இருக்கு. இன்னைக்கும் மடாதிபதி இருக்கார், பார்சுவநாதர் கோயில் இருக்கு, திருவிழா நடக்குது. போட்டோவுல அவங்க அப்பா வேட்டியில, அவ பட்டுப்பாவாடையில, ஒரு ஏழு வயசு இருக்கும். பின்னாடி தேர்.

பழைய மேப்பைப் பார்த்தப்ப அவளுக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்கு அப்பதான் உறைச்சுது. உங்க பாட்டி வீட்டை ஒருத்தன் பேய் பங்களான்னு வரைஞ்சு, "சூப்பர்ல?"ன்னு கேட்டா எப்படி இருக்கும்? நான் சாரி சொன்னேன். "விடு, எருமையை மட்டும் எடுத்துராத"ன்னு சொன்னா.

போன வெள்ளிக்கிழமை புது மேப்புல ஆடினோம். மூணு மணி நேரத்துல ஒரு சண்டைகூட இல்லை. குன்று மேல மழைக்கு மாட்டிக்கிட்ட ஒரு வயசான துறவிக்கு, பாதை அடிச்சுட்டுப் போன பிறகு ஊர்ச்சோறு எப்படிப் போய்ச் சேரும்ங்கிறதுதான் கேம். எடுத்துட்டுப் போனா அவர் வாங்க மாட்டார், விதி. அவரே இறங்கி வரணும். அதனால எங்க ஆளுங்க ராத்திரி பூரா பாதையைச் சரி பண்ணினாங்க.

அடுத்த தடவை விஜயமங்கலம் டோல்கேட்டுல பீப் சத்தம் கேட்டா, ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி மேட்டுப்புதூர்ப் பக்கம் வண்டியைத் திருப்புங்க. மேல் பட்டையில ஆதிநாதர் கதையைப் பாருங்க, புள்ளப்பை பேரை ஒரு தடவை சொல்லிட்டு வாங்க. உங்க ஊர்ல "சமணர் படுக்கை", "ஆண்டிப்பாறை", "அம்மணச்சாமி"ன்னு ஏதாவது இருந்தா, அங்கே இருந்து பக்கத்து ஊருக்கு நடந்து பார்த்து எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க. மேப்பைப் பெருசாக்கணும்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம். போய்ட்டு வாரேனுங்க.